அவளுக்கு அதுதான் வேலை

"இந்த வீட்ல நான் ஒருத்தன் பேசினா மட்டும் ஏம்மா உங்க நெட்டுக்கு இருமல் வருது?"

இன்டர்நெட் கம்பெனியின் சேவை எண்ணைக் கூப்பிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார் மேனேஜர். ஓய்வு பெற்று வருஷக்கணக்காகியும் அந்தப் பட்டம் அவரை விடவில்லை. அவரும் அதை விடுவதாக இல்லை. ஹாலில் மனைவியின் சீரியல் அலறிக்கொண்டிருந்ததால் பால்கனிக்கு வந்து, வீட்டு நெட்டை நம்பாமல் சாதாரண போன் லைனில், ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"மன்னிக்கணும் சார். இணைப்பு எந்தப் பேர்ல இருக்கு?" தேன் தடவிய குரல்.

மகனின் பெயரையும் விலாசத்தையும் சொன்னார். மறுமுனையில் சற்று நேரம் மூச்சே இல்லை.

"ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். இந்த அழைப்பு பதிவாகுது, சார்."

"நல்லாப் பதியட்டும்!"

விஷயம் இதுதான். மேனேஜருக்கு ஓய்வு பெற்றோர் சங்கத்தின் தலைவராகிவிட வேண்டும். சங்கக் கூட்டங்கள் நடப்பது இணைய அழைப்பில். போன கூட்டத்தில், "இந்தப் பதவிக்கு இனிமே வேற ஆளைத் தேட வேண்டாம், நானே நிக்கறேன்" என்று முழங்கினார். அங்கே போய்ச் சேர்ந்தது "இந்தப் பதவி... வேண்டாம்" மட்டும். அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டிச் சங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டல் மட்டும் பிசிறில்லாமல் இவருக்குக் கேட்டது. இன்று நாலு மணிக் கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறார்கள். மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது.

"வீட்ல யார் யார் நெட் பயன்படுத்தறாங்க சார்?"

"நான் டேப்லெட்ல கூட்டம் பேசறேன். என் வீட்டுக்காரி டி.வி.ல சீரியல் பாக்கறா. அதுல யாரும் கை வைக்க முடியாது." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தானாகத் தணிந்தது. "மூணாவது, மருமக. கல்யாணத்துக்காக இருந்த வேலையையும் விட்டுட்டு வந்தவ. காலையில ரூம் கதவைச் சாத்தினா, லேப்டாப்ல பேச்சு, பேச்சு, அப்படி ஒரு பேச்சு! என்கிட்ட மட்டும் 'சரி மாமா', 'இல்ல மாமா' தவிர மூணாவது வார்த்தை வராது."

"யார்கிட்ட பேசறாங்கன்னு கேட்டுப் பாத்தீங்களா சார்?"

"அவளை எதுக்குக் கேக்கணும்? பையனையே கேட்டேன். 'அவளுக்கு அதுதாம்பா வேலை'ன்னுட்டுப் போயிட்டான். கட்டினவனே அலுத்துக்கறான்னா பாத்துக்குங்க!"

"சார்... பதிவாகுது."

"இருங்க, இப்பவும் பேசிட்டுத்தான் இருப்பா. நீங்களே கேளுங்க." ஹாலைக் கடந்து போய், மருமகளின் அறைக் கதவில் போனை ஒட்டிப் பிடித்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பால்கனிக்குத் திரும்பி வந்தார். "பாத்தீங்களா? மோப்பம் பிடிச்ச மாதிரி வாயை மூடிட்டா. அழுத்தக்காரி!"

"எனக்கும் ஒண்ணும் கேக்கல சார்."

"உங்க மாமனார் கொடுத்து வெச்சவர்மா. என்ன பொறுமை, என்ன மரியாதை!"

"அவர் அப்படி நினைக்கிற மாதிரி தெரியல சார்."

"அப்படின்னா அவர் சரியான ஞானசூனியம்!"

"அதையும் பதிவு பண்ணிக்கறேன் சார். இப்ப டேப்லெட்ல எங்க ஆப்பைத் திறங்க. 'முன்னுரிமை'ன்னு இருக்கும். அதுல எது மேல இருக்கோ, அதுக்குத்தான் நெட் முதல்ல போகும்."

திறந்தார். முதலிடத்தில் மருமகளின் லேப்டாப் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"அடப்பாவி! பொண்டாட்டி பேச்சைத் தூக்கி உச்சியில வெச்சிருக்கானே!"

"உங்க டேப்லெட்டை மேல இழுத்துடுங்க சார். அதுக்கு அடுத்ததா லேப்டாப் இருக்கட்டும். குரலுக்கு நெட் கொஞ்சம் போதும், ரெண்டு பேர் பேச்சும் உடையாது."

மேனேஜர் டேப்லெட்டை முதலிடத்துக்கு இழுத்தார். இரண்டாமிடத்தை, குடும்ப அமைதி கருதி, டி.வி.க்குக் கொடுத்தார். லேப்டாப்பைப் பிடித்துக் கடைசிக்குத் தள்ளினார்.

"கடைசியில போட்டுட்டேன். மிச்சம் மீதி இருந்தா அவ பேசட்டும்."

"வேண்டாம் சார்! அவங்க ஏதாவது முக்கியமான அழைப்புல இருக்கலாம்..."

"என்ன பெரிய முக்கியம்? வெட்டிப் பேச்சு!" என்றபடி 'சேமி'யை அழுத்தினார்.

"சா... அதை... மே... வை..." தேன்குரல் துண்டு துண்டானது. அப்புறம் அதுவும் இல்லை.

"ஊருக்கெல்லாம் நெட் குடுக்கறவன் லட்சணத்தைப் பாரு!" மேனேஜருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வருங்காலத் தலைவருக்கு ஏற்றபடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, டேப்லெட்டில் கூட்டத்துக்குள் நுழைந்தார்.

அப்போது மருமகளின் அறைக் கதவு திறந்தது. கழுத்தில் ஹெட்போனோடு பால்கனி வரைக்கும் வந்து நின்றாள்.

"மன்னிக்கணும் சார், லைன் கட்டாயிடுச்சு," என்றாள் அதே தேன்குரலில். "வேற ஏதாவது உதவி வேணுமா?"

மேனேஜருக்கு இப்போதுதான் உறைத்தது. பையன் அன்றைக்கு அலுத்துக்கொள்ளவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில்தான் சொல்லியிருக்கிறான்.

டேப்லெட்டிலிருந்து சங்கச் செயலாளரின் குரல் கணீரென்று கேட்டது: "மேனேஜர் சார், லைன் நல்லாத்தானே இருக்கு? உங்க குரல் மட்டும் ஏன் வரல?"