லயத்துக்கு ஏறிய நாற்காலி

"மழையில நிக்கிறீங்களே ஜோர்ஜ், உள்ள வாங்க" என்றார் பக்கீர் ஹாஜியார்.

"பரவாயில்லீங்க. இங்கயே நிக்கிறேன்."

கொட்டகலை பஸாரில் ஹாஜியாரின் புடவைக்கடைக்குள் போக மூன்று படி ஏற வேண்டும். பட்டாளத்து ஜோர்ஜ் பதினைந்து வருடமாக அந்தப் படியில் கால் வைத்ததில்லை. எதைப் பேசுவதானாலும் ரோட்டில் நின்றுதான் பேசுவார். ஹாஜியாருக்கு அது உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

தேயிலைத் தோட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போன ஜோர்ஜ், வடக்கில் கண்ணிவெடிக்கு இரண்டு கண்ணையும் கொடுத்துவிட்டு வந்தவர். வந்த கையோடு மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு சங்கம் தொடங்கி, வெள்ளைத்தடியோடு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குகிறார். நல்ல மனுஷன்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம் என்பது பஸாரின் கருத்து.

"நம்ம வர்த்தகர் சங்கத்தால மேல்லயத்துப் புள்ள அனுஷ்காவுக்கு ஒரு சக்கர நாற்காலி குடுக்கிறோம். ஞாயித்துக்கிழமை மண்டபத்தில விழா. ஒங்களுக்கும் ஒரு பொன்னாடை போடுறோம்."

"பொன்னாடை வேணாங்க. குடுக்கிறதுன்னா மேல்லயத்துக்கு வந்து குடுங்க. ஒங்க சங்கத்து ஆளுங்க எல்லாரும் வரணும். நாற்காலிய நீங்களே தூக்கிட்டு வரணும்."

சொல்லிவிட்டுத் தடியைத் தட்டிக்கொண்டே போய்விட்டார்.

"கண்ணு போனாலும் பட்டாளத்து அதிகாரம் போகல பாருங்க" என்றார் சங்கச் செயலாளர் சிவசாமி.

ஹாஜியாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் பேனர் அடித்தாயிற்று. அதில் பிள்ளையின் பெயரும் இருக்கிறது. போகாமல் இருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை தூறல். பன்னிரண்டு பேர், ஒரு நாற்காலி, மேல்லயத்துக்கு ஏறும் மலைப்படி. முப்பதாவது படியில் சிவசாமி வழுக்கி உட்கார்ந்தார். ஐம்பதாவது படியில் ஹாஜியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முன்னால் ஜோர்ஜ் மட்டும், "எழுபத்தொண்ணு, எழுபத்திரெண்டு" என்று சத்தமாக எண்ணிக்கொண்டு ஏறினார்.

"வேணும்னே நம்மள வதைக்கிறாரு" என்று சிவசாமி முணுமுணுத்தார்.

தொண்ணூற்று நான்காவது படியில் லயம் வந்தது, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வாசலில் சாக்கு விரித்து அனுஷ்கா உட்கார்ந்திருந்தாள், மடியில் கணக்குப் புத்தகம்.

நடக்க முடியாத பிள்ளை. எட்டாம் வகுப்பு வரை அம்மா நாகலெட்சுமிதான் முதுகில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோனாள். பிள்ளை வளர்ந்தாள், அம்மாவின் இடுப்பு விட்டுப்போனது. மூன்று வருடமாக அனுஷ்கா ரோட்டையே பார்க்கவில்லை. வீட்டிலிருந்தே படிக்கிறாள். இன்னும் இரண்டு மாதத்தில் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை.

நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கைதட்டினார்கள்.

"போட்டோ எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டார் ஜோர்ஜ்.

"எடுத்தாச்சு."

"சரிங்க. இப்ப புள்ளைய அந்த நாற்காலியிலயே வெச்சு ரோட்டுக்குக் கொண்டு போங்க."

பன்னிரண்டு பேரும் படியைப் பார்த்தார்கள்.

"இதுக்கு முன்னாடியும் ஒண்ணு குடுத்தாங்கய்யா" என்றாள் நாகலெட்சுமி தயங்கித் தயங்கி. தாழ்வாரத்து மூலையில் துருப்பிடித்த நாற்காலி ஒன்று கிடந்தது. அதில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இத கீழயே சொல்லியிருக்கலாமே ஜோர்ஜ்" என்றார் ஹாஜியார். குரல் இறங்கியிருந்தது.

"மூணு வருஷமா எல்லார்கிட்டயும் சொன்னேங்க. படிதானேன்னாங்க. ஏறிப் பாத்தாத்தான் படி தெரியும்."

சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "தேயிலைக்கு ஊடால சாய்வாப் பாதை வெட்ட தோட்டத்துத் தொரைகிட்ட வாங்கின அனுமதி. எட்டு மாசமா பையில கெடக்கு. கடுதாசி மண்ணு வெட்டாதுங்களே."

ஹாஜியார் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார்.

"மம்பட்டி இருக்கா புள்ள?" என்றார் நாகலெட்சுமியிடம்.

அப்புறம் ஏழு ஞாயிற்றுக்கிழமை பஸாரே மேல்லயத்தில்தான் கிடந்தது. பூசை முடிந்து வந்தவர்கள் கல் சுமந்தார்கள், லயத்து ஆட்கள் மண் வெட்டினார்கள். சிவசாமி கையில் கொப்புளம் வந்தது. அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

பரீட்சை அன்று காலை, வளைந்து வளைந்து இறங்கிய புதுப் பாதையில் அனுஷ்கா ரோட்டுக்கு வந்தாள். நாற்காலியைப் பின்னால் பிடித்து வந்தவர் ஜோர்ஜ். "இடது பக்கம் மாமா, இப்ப நேரா" என்று வழி சொல்லி வந்தவள் அனுஷ்கா. லயமே கைதட்டியது. ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவளைப் பரீட்சை மண்டபத்தில் விட்டு வந்த ஜோர்ஜை நிறுத்தி, மனதில் கிடந்ததைக் கேட்டே விட்டார்.

"பதினஞ்சு வருஷமா நீங்க ஏன் எங்கட கடைக்குள்ள வரல்ல? நான் என்ன பிழை செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யலீங்க. எங்க சங்கத்துப் புள்ளைங்க போக முடியாத கடைக்குள்ள நானும் போறதில்ல. அவ்வளவுதான்."



கடைசிப் பரீட்சை முடிந்த அன்று ஜோர்ஜும் அனுஷ்காவும் பஸாருக்கு வந்தார்கள். வழக்கம் போல ரோட்டில் நின்றே ஜோர்ஜ் குரல் கொடுத்தார்.

"ஹாஜியார், புள்ளைக்கு ஒரு சுடிதார் எடுக்கணும். இங்க கொண்டாந்து காட்டுறீங்களா?"

"வெளியில கொண்டாந்து காட்டுறதில்ல ஜோர்ஜ். வேணும்னா உள்ள வாங்க."

ஜோர்ஜின் முகம் சுண்டிப்போனது. நாற்காலியைத் திருப்ப நினைத்துக் கைப்பிடியைத் தேடினார். அகப்படவில்லை. தடியை நீட்டி முதல் படியைத் தட்டிப் பார்த்தார். படியும் இல்லை, புதுச் சிமெந்துச் சரிவுதான் தட்டுப்பட்டது.

அனுஷ்கா அதற்குள் தானே சக்கரத்தைத் தள்ளிக் கடைக்குள் போயிருந்தாள்.