புகையில்லாத லாரி

"உன் லாரி கக்குற புகைதான்யா நகராட்சி மானத்தை வாங்குது!" எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்தார் இன்ஜினியர்.

"வேற வண்டி கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு சார்." குப்பை லாரி டிரைவர் பல்லைக் கடித்தார்.

"வாயை மூடு. நாளையிலேர்ந்து நகராட்சி வண்டி எதுவும் புகை விடாது. தலைவரே மேடையில சொல்லிட்டாரு."

மறுநாள் பேட்டரி லாரி ஓட்டும் ஆசையில் டிரைவர் ஷெட்டுக்கு ஓடிவந்தார். அதே ஓட்டை லாரிதான் நின்றது. அதன் கதவிலிருந்த 'நகராட்சி' என்ற எழுத்தைப் பெயின்டர் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எல்லா வண்டியையும் கான்ட்ராக்டருக்கு மாத்திவிட்டாச்சு. இனிமே புகையெல்லாம் அவர் கணக்கு," என்றார் இன்ஜினியர் பெருமையாக.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். கரும்புகை இன்ஜினியர் முகத்தில் அப்பியது.

"ஏன் சார் இருமுறீங்க? இது நம்ம புகை இல்லையே!"