ஏழாம் நம்பர் ஜாயிண்ட்

“ஏழாம் நம்பரை அறுத்துப் பாக்கணும்.”

அண்ணன் சொன்னதும் நடைமேம்பாலத்துக்கு அடியில் இருந்த அத்தனை பேரும் கைவேலையைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஏழாம் நம்பர் ஜாயிண்ட், தம்பி வெல்டிங் அடித்தது!

சாரத்தின் மேல் நின்றிருந்த தம்பிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

பாலத்தின் அடிவயிற்றில் மொத்தம் பன்னிரண்டு ஜாயிண்ட். எல்லாமே அண்ணாந்து அடித்த வெல்டிங். முதல் ஏழும் தம்பியுடையவை. மீதி ஐந்து காண்ட்ராக்டரின் மாப்பிள்ளையுடையவை. எது தேறும், எது தேறாது என்று கையெழுத்துப் போட வந்திருக்கும் அதிகாரிதான் அண்ணன். இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. வெல்டர் பரீட்சையில் கூடப்பிறந்த தம்பியை ஃபெயில் போட்ட புண்ணியவான் அவன். தம்பி அடுத்த வருஷம்தான் தேறினான்.

“அன்னிக்கு ஃபெயில் பண்ணினது போதாதா? இன்னிக்கு சோத்துலயும் மண்ணு போடணுமா?” என்று மேலேயிருந்தே கத்தினான் தம்பி.

“சந்தேகம்னா அறுக்கறது என் வேலை. உள்ளே கசடு இருந்தா இன்னியோட நீ வெளியே. இல்லேன்னா திரும்ப அடிச்சுக் குடு.” அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

காண்ட்ராக்டருக்கு வாயெல்லாம் பல். அண்ணன் தம்பி இரண்டு பேரும் உள்ளுக்குள் கூட்டு என்று ஒரு மாதமாக ஊதிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

“இதுதான் சார் நேர்மை! சொந்தம் பந்தமே பாக்கக்கூடாது. யார் அடிச்சதா இருந்தாலும் அறுத்துத் தள்ளணும்!” என்று கை தட்டினார். பக்கத்தில் மாப்பிள்ளையும் தட்டினார்.

தம்பி இரும்பு அறுக்கும் கிரைண்டரை வாங்கினான். அடித்த கையே அறுக்க வேண்டுமாம்!

வெல்டிங்கில் கழிவாகக் கிளம்பும் கசடு, கீழே வைத்து அடிக்கும்போது பரம சாது. உருகிய இரும்பின் மேல் தானாக மிதக்கும், ஆறியதும் தட்டினால் உதிரும். அதையே தலைக்கு மேலே அடித்தால் அதன் குணம் மாறிவிடும். கையிலிருக்கும் வெல்டிங் ராடு ஒரு நூல் தள்ளிப் போனால் போதும், இரும்பை முந்திக்கொண்டு ஓடும். இல்லையென்றால் சட்டைக் காலருக்குள் விழும். விழுந்தால் தோலோடு போயிற்று. முந்தி ஓடினதை இரும்பு மூடிக்கொண்டால்தான் ஆபத்து. வெளியே வழவழப்பு, உள்ளே விரிசல்.

அதிலும் ஏழாம் நம்பர், கை சரியாக நுழையாத மூலை. தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுக்கடுக்காக அடித்தது.

கிரைண்டர் அலறியது. பொறி மழையாகக் கொட்டியது. சாரத்தைச் சுற்றிக் கூட்டம் முண்டியது.

“கறுப்பு தெரியுதா?”

“தள்ளுய்யா, எனக்குத் தெரியல!”

முதல் அடுக்கு. இரண்டாவது. மூன்றாவது. அறுக்க அறுக்கத் தம்பியின் நெஞ்சு கிரைண்டரைவிட வேகமாக அடித்துக்கொண்டது. கடைசி அடுக்கும் திறந்தது.

வெள்ளிக்கம்பி போல ஒரே பளபளப்பு. பொட்டுக் கறுப்பு இல்லை!

“சுத்தம்! சுத்தம்டோய்!” ஹெல்மெட்டுகள் ஆகாயத்தில் பறந்தன. யாரோ தம்பியின் காலைப் பிடித்து உலுக்கினார்கள்.

தம்பி கிரைண்டரை வைத்துவிட்டுத் தடதடவென்று கீழே இறங்கினான்.

“இப்ப திருப்தியா உனக்கு? நல்ல ஜாயிண்ட்டைக் குதறியாச்சு. இன்னும் எத்தனை வருஷம்தான் பழி வாங்குவே?”

அண்ணன் டார்ச் வெளிச்சத்தில் அறுத்த இடத்தை ஒரு தடவை பார்த்தான். டார்ச்சை அணைத்துவிட்டுக் காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினான்.

“சரி. இப்ப எட்டாம் நம்பரை அறுக்கலாம்.”

காண்ட்ராக்டர் முகத்தில் ஈயாடவில்லை. “சார்… அது நம்ம மாப்பிள்ளை அடிச்சது.”

“தெரியும். ரெண்டு நாளா கீழே நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். ஒரு அடுக்கு முடிஞ்சா கசடைத் தட்டற சுத்தியல் சத்தம் வரணும். அந்தப் பக்கத்துலேருந்து ஒரு தட்டுகூட வரல. கசடு மேலயே அடுத்த அடுக்கை ஏத்தியிருக்காரு.”

“அது வந்து… திறப்பு விழா வேற நெருங்குது சார்…”

“கூடப்பிறந்தவன் ஜாயிண்ட்டையே அறுத்தாச்சு. மாப்பிள்ளையோடதுக்கு மட்டும் என்ன?” என்றது கூட்டம் ஒரே குரலில்.

எட்டாம் நம்பரை அறுத்தார்கள். இரண்டாவது அடுக்கிலேயே விரல் நீளத்துக்குக் கறுப்புக் கோடு. ஒன்பதிலும் அப்படித்தான். பன்னிரண்டு வரைக்கும் அதே கதை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக நடக்கப்போகிற பாலம்! மாப்பிள்ளை எப்போது நழுவினார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு தம்பி மெதுவாக அண்ணன் பக்கத்தில் போய் நின்றான்.

“அவங்களோடதை அறுக்கணும்னா நேரா அறுக்க வேண்டியதுதானே? என்னோடது எதுக்கு?”

“உன்னோடதை விட்டுட்டு அதைத் தொட்டிருந்தா, தம்பிக்காகப் பண்றான்னு ஒரே வார்த்தையில என் வாயை அடைச்சிருப்பாங்க.”

“அது சரி. என்னோடதுல கசடு இருந்திருந்தா?”

“உன் வேலையும் போயிருக்கும், என் பேச்சும் எடுபட்டிருக்காது. அஞ்சு ஜாயிண்ட்டும் அப்படியே பாலத்துல தங்கியிருக்கும்.”

“இவ்வளவு தெரிஞ்சும் எந்தத் தைரியத்துல அறுக்கச் சொன்னே?”

அண்ணன் மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தான்.

“நீ அடிச்சதுங்கற தைரியத்துலதான்டா.”