எலிசாவின் தகரக் கொக்குகள்

1998 ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் காற்றில் சுற்றும்படி சிற்பி எலிசா ஒன்றோடொன்று கோத்துச் செய்த ஏழு தகரக் கொக்குகள் ஒரு கம்பத்தில் ஏற்றப்பட்டன. ஆடிக்காற்றில், வேடிக்கை பார்க்கக் கூடிய பெண்களின் புடவைகள் படபடக்கின்றன. கொக்குகள் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுற்றாமல் நிற்கின்றன. டெல்லிக் கண்காட்சிக்குச் சிற்பம் தேர்ந்தெடுக்க வந்த அதிகாரி காரை நோக்கி நடக்கத் தொடங்குகிறார். எலிசா அண்ணாந்து பார்க்கிறார். கடைசிக் கொக்கின் கழுத்தில் மஞ்சளாக ஏதோ தொங்குகிறது. “முருகையண்ணே, இன்னாது அது?” “எலுமிச்சம்பழம்மா. ஊரே பாத்துக்கினு இருக்குது, கண்ணு பட்டுடும்ல?” என்கிறார் வெல்டர் முருகையன். “பட்டா படட்டும்ணே! பழத்து வெயிட்டுல எல்லாம் சாஞ்சிடுச்சி. ஜல்தி ஏறி அறுங்க!” அவர் ஏணியில் ஏறி நூலை அறுக்கிறார். பழம் தரையைத் தொடுவதற்குள் கொக்குகள் நிமிர்கின்றன. ஒன்று கிளம்ப ஏழும் கிளம்புகின்றன. வெயில் இறக்கைக்கு இறக்கை தாவுகிறது, தகரம் கிலுகிலுக்கிறது, கூட்டம் விசிலடிக்கிறது. திறந்த கார்க்கதவைப் பிடித்தபடி அதிகாரி திரும்பிப் பார்க்கிறார். அக்டோபரில் கொக்குகள் டெல்லிக்குப் போயின.