தெர்மாமீட்டர் விற்பனைக்கு

வீட்டுக்குத் தெரியாமல் பீர் காய்ச்சிப் பார்க்க ஸ்டீவுக்கு ஆசை. ஆனால் கொதிக்கும் கலவையின் சூட்டை அளக்க வீட்டிலிருந்த காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் நாற்பத்திரண்டு டிகிரியோடு நின்றுவிட்டது. பழைய பொருள் விற்கும் ஆப்பில் ஒரு தெர்மாமீட்டர் விளம்பரம் கண்டு செய்தி அனுப்பினான்.

“பீருக்குத் தாங்குமுங்களா?”

“நூறு டிகிரி வரைக்கும் காட்டுமுங்க. நானே பீருக்குத்தான் வெச்சிருந்தேன்.”

“அப்புறம் ஏனுங்க விக்கறீங்க?”

“ஊட்ல கண்டிப்பான ஆளு ஒருத்தர் இருக்காருங்க. தெரிஞ்சா மானம் போயிரும்.”

“எங்கூட்லயும் ஜெபக்கூட்டம் நடத்துற மாமியார் இருக்காங்க. தெரிஞ்சா நான் தொலைஞ்சேனுங்க.”

மாலையில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில், சொன்னபடியே மஞ்சள் பையோடு நின்றவர் அவன் மாமியார் சாராள்.



“அந்தக் கண்டிப்பான ஆளு நீங்கதானுங்க மாப்பிள்ளை,” என்றார் சாராள், பையைச் சுருட்டிக்கொண்டே. “இனி இதை விக்கலீங்க. ஒரு ஊட்டுக்கு ஒண்ணு போதாதுங்களா?”