கல்லின் அடியில் மூன்று பெயர்

"அந்த மூன்று பேரின் பெயரையும் கல்லின் அடியில் வெட்டப் போகிறோம், புவன். வருகிறவன் போகிறவனெல்லாம் காறித் துப்பட்டும்!"

எண்பத்திரண்டு வயதுக் கத்தரின் கிழவி கைத்தடியால் தரையை ஓங்கித் தட்டினாள். லண்டன் ஆவணக் காப்பகத்தின் வாசிப்பு அறையில் நாலைந்து தலைகள் நிமிர்ந்தன.

பழைய நிலஅளவைப் பதிவேடுகளுக்கு 2007-ல்தான் கணினி யோகம் அடித்தது. அவற்றை ஏற்றும் வேலை புவனேந்திரனுக்கு. ஈஸ்ட் ஹாமில் அவருக்கு அடுத்த வீடு கத்தரின். பூர்வீகம் ஸ்கொட்லாந்து, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் தேசப்படத்திலிருந்து அடித்து நீக்கப்பட்டது அவளுடைய ஊர்.

அந்தக் காலத்தில் ஊரவர் மூவர் சாட்சி சொன்னால்தான் கேலிக் என்ற அவர்களுடைய மொழியில் ஒரு ஊர்ப்பெயர் படத்தில் ஏறும். 'இங்கே ஊரே இல்லை, வெறும் மேய்ச்சல் தரை' என்று மூவர் ஒப்பமிட்டால், ஏறிய பெயரும் இறங்கிவிடும்.

"ஆடு மேய்க்க நிலம் வேண்டுமென்று ஊரையே கனடாவுக்குக் கப்பலேற்றினான் பண்ணைக்காரன். என் பூட்டனை மட்டும் அசைக்க முடியவில்லை. அந்த மண்ணிலேயே வாழ்ந்து செத்தார்!" கிழவி நெஞ்சை நிமிர்த்தினாள். "சனிக்கிழமை அங்கே ஊரின் நினைவுக்கல் திறப்பு. கப்பலேறியவர்களின் வாரிசுகள் கனடாவிலிருந்து வருகிறார்கள். கல்லின் உச்சியில் பூட்டன் பெயர்தான்."

தடியின் பிடியில் ஒரு வட்டமும் இரண்டு வெட்டும் செதுக்கப்பட்டிருந்தன. புவனேந்திரன் பார்ப்பதைக் கண்டு, "பூட்டனுடைய தடி. இது எங்கள் வீட்டு ஆடுகளின் காதில் போடும் குறி" என்றாள்.

"எங்கள் ஊரிலும் வீட்டுக்கொரு குறி உண்டு. மாட்டில் சுடுவோம்" என்று சிரித்தபடி பதிவேட்டைப் பிரித்தார் புவனேந்திரன்.

'பாலெ நா கிரேக'. பாறையூர் என்று பொருள். பெயரின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. கீழே மூன்று ஒப்பங்கள்.

"என் கண்ணுக்கு எட்டாது. நீ வாசி!"

"முதலாவது பண்ணைக்காரர். இரண்டாவது அவருடைய காரியக்காரர்..."

புவனேந்திரனின் விரல் நின்றது.

"மூன்றாவது?"

"மை அழிந்துபோய்விட்டது, கத்தரின்."

"நாய்! சொந்த ஊரை விற்றவனுக்குப் பெயர் எதற்கு? அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்கிறேன்." கிழவி தடியைத் தட்டிக்கொண்டே லிப்டுக்கு நடந்தாள்.

பக்கத்து மேசை இம்மாகுலேற் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணை அந்த மனிசிக்குப் பொய் சொன்னனீங்கள்? மை வடிவாத்தானே கிடக்கு. பேருக்குப் பதிலா ஒரு வட்டம், ரெண்டு வெட்டு. ஆற்ற குறி இது?"

புவனேந்திரன் பதிவேட்டை மூடினார்.

"கப்பலேறாமல் நிண்ட மனிசன்ர, பிள்ளை."