கால்வாய்ப் பக்கம் ஒரு வாசல்

பக்கிங்ஹாம் கால்வாயில் இன்று முதல் ஆளில்லாப் படகுகள் ஓடுகின்றன. கால்வாயைப் பார்த்து வாசல் வைத்த வீடுகளில் மட்டுமே அவை சரக்கெடுக்க நிற்கும். அதனால் நேற்று என் சமையலறையின் பின்சுவரை இடித்து, வாசலும் படியும் வைக்கச் சொல்லிவிட்டேன்.

"ஊரே மூக்கைப் பொத்திக்கிட்டுப் போன இடம். அதுக்குப் போய் வாசலா, மரகதம்?" என்றார் என் கணவர் தணிகாசலம்.

"ஒரு காலத்துல உப்பும் விறகும் வந்த வழிங்க. என் ஊறுகாய் போகக் கூடாதா?"

"படகு நிக்கலேன்னா, மழைக்கு முன்னாடி மறுபடி செங்கல் வச்சு அடைச்சிடுவேன்."

ஊறுகாய் ஜாடிகளோடு புதுப்படியில் நின்றேன். இத்தனை வருஷம் அந்தச் சுவரைப் பார்த்தபடியே சமைத்திருக்கிறேன். அதற்குப் பின்னால் இவ்வளவு வெளிச்சம் இருந்ததா?

படகு வந்தது. எங்களைத் தாண்டியும் போனது. தணிகாசலம் வாயைத் திறப்பதற்குள் பின்னோக்கி வந்து, படியில் உரசி நின்றது.

"எங்கே?" என்று கேட்டது.

"எண்ணூர்," என்று ஜாடிகளை ஏற்றினேன்.

"சரக்கு மட்டுமா, ஆளும் உண்டா?"

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. "ஆளும்தான்!" என்று ஏறி உட்கார்ந்தேன்.

"ஏய், நில்லு! நானும் வரேன்!" என்று அவர் ஓடிவந்தார்.

"கதவே இன்னும் போடலைங்க. வீட்டை விட்டு நகராதீங்க!" என்று கத்தினேன்.